நாலு இல்லாத காளான் பண்ணை

அத்தியாயம் 9

கதவு சாத்திக்கொண்ட சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. ஃபிரிட்ஜ் கதவை முழங்கையால் தள்ளினால் வருமே, அவ்வளவுதான். அடுத்த நொடி தலைக்கு மேலே விசிறி நின்றது. நின்ற பிறகுதான் அது இவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டிருந்தது என்பதே என் மண்டையில் உறைத்தது.

வெங் அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரியா மூணு."

"காத்துல சாத்தியிருக்கும்" என்றேன்.

"விசிறி நின்னுடுச்சு. காத்து எங்கேர்ந்து வரும், ஆ-ஹாவ்?"

கதவை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. தோளால் இடித்தேன். என் தோள்தான் அசைந்தது. கதவுக்குப் பக்கத்தில், உள்ளே இருப்பவர்கள் திறந்துகொள்வதற்கென்றே வைத்த பச்சைப் பொத்தான் ஒன்று இருந்தது. அக்கா அதை ஒருமுறை அழுத்தினார். நான் பதினேழு முறை அழுத்தினேன். பலன் ஒன்றுதான்.

எங்கள் இருவரைப் பற்றி இரண்டு வரி. வெங் ஷூ-யிங், வயது ஐம்பத்தைந்து, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் பொய்களைப் பிடித்துவிட்டு, இப்போது தைச்சுங் நகரில் சொந்தமாகத் துப்பறிகிறவர். நான் லாய் சூன்-ஹாவ், நாற்பத்தேழு, முன்பு சுற்றுலா பஸ் ஓட்டியவன். அக்காவின் கார் ஓட்டுவது, பொட்டலம் வாங்குவது, பேசக் கூடாத இடத்தில் பேசுவது ஆகியவை என் பொறுப்பு.

நாங்கள் நின்றுகொண்டிருந்தது வூஃபெங்கில் ஒரு காளான் பண்ணையின் ஆறாம் அறைக்குள். தரையிலிருந்து கூரை வரை அடுக்கு, அடுக்கு முழுக்க எட்டாயிரம் புட்டி, புட்டிக்குப் புட்டி தடித்த வெள்ளைக் காளான். காளானும் நம்மைப் போலத்தான். நல்ல காற்றை இழுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடும். விசிறி ஓடும் வரை கவலை இல்லை.

பண்ணை முதலாளி தூ சிங்-யுவான் பதினான்கு நாட்களுக்கு முன் இதே அறையில், இதே மூன்று மணிக்கு மாட்டிக்கொண்டார். ஏற்கெனவே பழுதான இதயம். சாயங்காலம் அவரைத் தேடிவந்த வேலையாட்கள் மெயின் சுவிட்சை இறக்கிக் கதவைத் திறந்தபோது உயிர் இல்லை.

"அக்கா, ஒண்ணு கேட்கட்டா? நம்மள இந்த ரூமுக்குள்ள போய்ப் பாருங்கன்னு அனுப்பினது யாரு?"

"முதலாளியம்மா."

"சாவி கொடுத்தது?"

"முதலாளியம்மா."

"நாளைக்குக் காலையில அரசு வக்கீல் யாரைக் கூப்பிட்டிருக்கார்?"

பதிலையும் நானே சொன்னேன். "முதலாளியம்மாவை. புருஷனைக் கொன்னதுக்கு. நம்ம ஆபீஸ் வரலாற்றிலேயே முதல் தடவையா, நம்ம கட்சிக்காரியே நம்மள ஊறுகாய் போட்டுட்டாங்க."

"கத்தாதே. காத்து செலவாகுது."

அது எனக்குப் பிடிக்கவில்லை. செல்போனை எடுத்தேன். ஒரு கோடுகூட இல்லை. சுற்றிலும் நடுவில் பஞ்சு வைத்த தகரச் சுவர். வெளியே முற்றத்தில் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்பது தெரியும், கத்தினாலும் அங்கே கேட்காது. இன்றைக்குச் சந்திர மாதத்தின் பதினாறாம் நாள். இரண்டாம் நாளும் பதினாறாம் நாளும் மூன்று மணிக்கு எந்தப் பண்ணையிலும் எந்தக் கடையிலும் வேலை நடக்காது. மேசை போட்டு, பழமும் பிஸ்கட்டும் அடுக்கி, நிலத் தெய்வத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை. அது முடிந்ததும் எல்லோரும் படையல் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இந்தப் பக்கம் நாளைக் காலைதான் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். பார்த்தால் இரண்டு பெரிய காளான் கிடைக்கும்.

எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்கத்தான் இத்தனை பேச்சும்.

அக்கா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து விரித்தார். காலையில் கடையில் நான் கலரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தது. பண்ணையை ஓட்டுகிற ஆப்புக்குள் என்னென்ன கட்டளை இருக்கிறது என்று காட்டும் படம். கதவு, விசிறி, சைரன், விளக்கு எல்லாமே நடைக்கூடத்துச் சுவரில் தொங்கும் ஒரு டேப்லெட்டின் பேச்சைத்தான் கேட்கும். போலீஸ் அதை இரண்டு வாரம் வைத்திருந்து, வெளியாள் யாரும் உள்ளே புகவில்லை என்று ஒரு வரி எழுதி, இன்று காலைதான் திருப்பிக் கொடுத்தார்கள். கடவுச்சொல் தெரிந்தவர்கள் புருஷன், பெண்டாட்டி இரண்டே பேர். ஆப்பை எழுதியது பெண்டாட்டி. அரசு வக்கீலுக்கு அது போதுமாக இருந்தது. படம் அவருக்குக் குழந்தைகள் விளையாட்டுச் சாமான் மாதிரி தெரிந்திருக்கும். கலர் கலராய்ப் பிளாக்குகள், ஒன்றோடு ஒன்று பல் பொருத்தி மாட்டியிருக்கும்.

"நீ சமுதாயக் கல்லூரியில இதைத்தானே படிச்சே?"

"படிக்கலை அக்கா. ஏசி இலவசம்னு உட்கார்ந்திருந்தேன்."

"உட்கார்ந்த நேரத்துல காதுல விழுந்ததைச் சொல்லு. இந்த மஞ்சள் என்ன?"

"அது 'போது' பிளாக். பொத்தானை அமுக்கும்போது, மணி ஆகும்போது, கதவு சாத்தும்போது. எதுவும் மஞ்சள் தலையிலதான் ஆரம்பிக்கும். அது வீட்டுப் பெரியவர் மாதிரி. அவர் வாயைத் திறந்தாத்தான் கீழே இருக்கறவங்க கையைக் காலை அசைப்பாங்க."

"ஊதா?"

"வேலைக்காரன். 'பூட்டு', 'ஊது'ன்னு பேரைச் சொன்னா முழு வேலையையும் செஞ்சுட்டு வருவான். பழுப்பு வந்து 'இப்படியானால்'. வாசல்ல நிக்கிற காவல்காரன். சேதி சரியா இருந்தா உள்ளே விடுவான், இல்லைன்னா போ போம்பான். நீலம் எண். ரோஸ் கலர் எழுத்து. வெளிர்நீலம் பட்டியல்."

"போதும். இந்த மூலையில கிடக்கிற கும்பல் என்ன? தலையில மஞ்சளே இல்லையே?"

குனிந்து பார்த்தேன். 'கதவைத் திற', 'விளக்கைப் போடு' என்று நாலைந்து பிளாக்குகள் எதிலும் ஒட்டாமல் தனியாகக் கிடந்தன. சற்றுத் தள்ளி ஒரு மஞ்சள் பிளாக். 'உள்ளே இருக்கும் எந்தப் பச்சைப் பொத்தானையும் அமுக்கும்போது' என்று பெரிதாக ஆரம்பித்து, வயிற்றில் ஒன்றுமே இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

எனக்குக் குப்பென்று வியர்த்தது. பதினைந்து டிகிரி அறையில்.

"உருவிப் போட்டிருக்காங்க, அக்கா. பொத்தானை அமுக்கினா பெரியவர் குரல் கொடுப்பார். கீழே வேலை செய்ய ஆள் இல்லை. நான் பதினெட்டாவது தடவை அமுக்கினாலும் இதேதான்."

"அழிக்காம ஓரமா எடுத்து வெச்சிருக்கு. திரும்ப மாட்டற எண்ணம் இருந்திருக்கு" என்றார் அக்கா. அவருடைய விரல் நகர்ந்து இன்னொரு மஞ்சளில் நின்றது. "இது?"

அது கடிகாரப் பிளாக். 'ஒவ்வொரு நிமிடமும் மணி அடிக்கும்போது.' அதன் வயிற்றில் பழுப்புக் காவல்காரன்: 'இன்றைய தேதி பூசைத் தேதிப் பட்டியலில் இருந்து, மணி மூன்றும் ஆனால்'. அதற்குள் வரிசையாக, 'சைரனை நிறுத்து'. பூசை நேரத்தில் ஊளையிடக் கூடாது என்று முதலாளியம்மா போட்டதாம், அவரே சொல்லியிருந்தார். அதற்குக் கீழே ஒரு ஊதா, 'சுத்தப் பூட்டு: 5'. அதற்கும் கீழே ஒரு ரோஸ் கலர் வாக்கியம்.

"சுத்தப் பூட்டுன்னா?"

"ரூமைக் கழுவி, கிருமியைக் கொல்ற மருந்து விளக்கு போடறப்ப யாரும் நுழையக் கூடாதுன்னு கதவைப் பூட்டி விசிறியை நிறுத்தற வேலைக்காரன்." சொல்லும்போதே எனக்குப் புரிந்தது. "அக்கா! நம்மள யாருமே பூட்டலை! பூசை நாள், மூணு மணி, தானாப் பூட்டிக்குது. அன்னிக்கு ரெண்டாம் நாள், இன்னிக்குப் பதினாறு. பொறியை வெச்சவங்க எடுக்க மறந்துட்டாங்க!"

"மறந்துட்டாங்களா, எடுக்க முடியாமப் போச்சா?"

"எதுவானா என்ன? வெளியே ஆள் நின்னு நம்மளைக் கொல்லலை. எனக்கு அதுவே நிம்மதி." சொல்லிவிட்டு மறுபடி காகிதத்தைப் பார்த்தேன். "ஆனா இதுல அஞ்சுன்னு இருக்கு. நாம இருக்கறது ஆறு. இது நம்ம ரூமே இல்லையே!"

அக்கா நிமிர்ந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பாதி விடை கிடைத்த முகம். மீதியைக் கேட்டால் கடிப்பார்.

"முதல்ல வெளியே போவோம். உயிரோட இருக்கற மஞ்சள் வேற எதாவது இருக்கா பாரு. வயித்துல ஆள் இருக்கணும், கதவைத் திறக்கவும் தெரியணும்."

காகிதத்தின் மேல் கவிழ்ந்து படுத்தேன். மூச்சு சற்றுக் கனமாகத்தான் இருந்தது. 'ஈரம் குறையும்போது', தண்ணீர் தெளிக்கும். வேண்டாம். 'இருட்டும்போது', விளக்கு போடும். வேண்டாம். 'வாயு கூடும்போது', சைரன் ஊதும். அதைத்தான் பூசைக்கு மௌனமாக்கியாகிவிட்டது. கடைசியில், கீழ் ஓரத்தில் ஒன்று: 'எந்த அறையிலும் வெப்பம் இருபத்தைந்தைத் தாண்டும்போது', எல்லாக் கதவையும் திற, எல்லா விசிறியையும் ஓட்டு, தீச் சைரனை ஊது.

"தீப்பிடிச்சா திறக்கறதுக்கு வெச்சது! இதை யாரும் தொடலை!"

"பூட்டினவன் குளிர் அறையில தீப்பிடிக்கும்னு நினைக்கலை. எங்கே வெப்பம் பார்க்கிற கருவி?"

கதவுக்கு எதிர்ச் சுவரில், என் தலை உயரத்தில், சோப்புப் பெட்டி அளவு வெள்ளைப் பெட்டி. அதில் 15.2 என்று எண். நான் அதன் மேல் ஊதினேன். 16. மூச்சு வாங்க ஊதினேன். 16.8. தலை சுற்றி அடுக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"பலூன் ஊதற மாதிரி ஊதாதே. உன் பிளாஸ்க் எங்கே?"

"அது என் இஞ்சித் தண்ணி! கறுப்புச் சர்க்கரை போட்டு..."

"ஆ-ஹாவ்."

கொடுத்தேன். அக்கா மூடியில் ஊற்றி, ஆவி பெட்டியில் படும்படி கீழே பிடித்தார். 18. 20.5. 22. மூடியில் இருந்தது ஆறியது, எண்ணும் நின்றது. இன்னொரு மூடி. 23.9. 24.6. அங்கேயே நின்றது. பிளாஸ்கில் சொட்டு இல்லை. எட்டாயிரம் காளானும் எங்களையே பார்ப்பதாக எனக்குப் பட்டது. இதற்கு முன் நான் காளானை வெறுத்ததில்லை. அன்று வெறுத்தேன்.

"பிளாஸ்கோட வாயைப் பெட்டியில கவுத்துப் பிடி" என்றார் அக்கா. "உள்ளே சூடு இருக்கும்."

கவிழ்த்துப் பிடித்தேன். 24.8. 24.9. செத்துப்போன என் மாமியாரைக்கூட வேண்டிக்கொண்டேன்.

25.1.

கதவு டக்கென்றது. தலைக்கு மேல் விசிறி சுழன்றது. பண்ணை முழுக்கச் சைரன் அலறியது. என் வாழ்நாளில் அவ்வளவு இனிமையான அலறலைக் கேட்டதில்லை.

நான் நடைக்கூடத்தில் விழுந்து காற்றைக் குடித்தேன். அக்கா என்னைத் தாண்டிப் போய் டேப்லெட்டின் முன் நின்றார். திரையில் சிவப்பில் பெரிய எழுத்து.

"என்ன போட்டிருக்கு, படி."

"'ஐந்தாம் அறையில் சுத்தம் நடக்கிறது. உள்ளே வராதீர்கள்.'" எழுந்து உட்கார்ந்தேன். "அக்கா, இது... முதலாளியம்மா சொன்னது!"

அதுதான் அந்த அம்மாளைச் சிக்க வைத்த வாக்குமூலம். அன்றைக்கு மூன்று மணி தாண்டி நடைக்கூடத்துக்கு வந்ததாகவும், ஐந்தாம் அறையில் சுத்தம் நடப்பதாகத் திரையில் பார்த்துத் திரும்பிப் போனதாகவும் போலீஸிடம் சொல்லியிருந்தார். மெயின் சுவிட்சை இறக்கியதில் திரை அழிந்துவிட்டது. வேறு யாரும் பார்க்கவில்லை. ஐந்தாம் அறையில் அன்று மருந்து விளக்கு எரியவே இல்லை என்று பதிவு காட்டியது. ஆகவே பொய் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"நிஜத்தைத்தான் சொல்லியிருக்காங்க" என்றார் அக்கா. "அந்த ரோஸ் கலர் வாக்கியம் இதுதான். சரி, இந்தப் பக்கத்துலேர்ந்து கதவை எண்ணு. கையை நீட்டி எண்ணு."

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." என் விரல் நாலாவது கதவில் நின்றது. அதன் மேல் 5 என்று எழுதியிருந்தது. வூஃபெங்கில் எந்தப் பண்ணையில்தான் நாலாம் நம்பர் அறை இருக்கிறது? நாலு என்பது எங்கள் மொழியில் சாவு என்பது போலவே ஒலிக்கும். ஆஸ்பத்திரியில் இல்லை, ஓட்டலில் இல்லை. பிறந்ததிலிருந்து தாண்டித் தாண்டிப் பழகிவிட்டதால் அது கண்ணிலேயே படுவதில்லை.

"அந்த வெளிர்நீலப் பட்டியலைப் பாரு. கதவுகள் வரிசையா இருக்கு. கம்ப்யூட்டருக்கு நாலு ஆகாதுன்னு யார் சொல்லிக் கொடுத்தா? அஞ்சுன்னு கேட்டா அஞ்சாவது ஆளை எடுத்துக் கொடுக்கும். அஞ்சாவது கதவு எது?"

"ஆறு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எழுத்து பிளாக் எண்ணாது. என்ன டைப் பண்ணினாங்களோ அதையே காட்டும். பட்டியல் பிளாக் எண்ணும். பொறி வெச்சவங்க மனசுல இருந்தது அஞ்சாம் அறை. திரையில எழுத்தும் அஞ்சுக்குத்தான் போட்டாங்க. பூட்டினது மட்டும் ஆறு. பூசை நாள்ல மூணு மணிக்கு முன்னாடி அஞ்சாம் அறையில தனியா காளான் பறிக்கிறது யாரு?"

எனக்குத் தெரியும். முதலாளியம்மாதான், ஆஸ்துமா இன்ஹேலரை ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு பறிப்பவர். அன்றைக்குப் படையல் அன்னாசி அடியில் அழுகியிருந்ததால், வேறு வாங்க ஸ்கூட்டரில் போய்த் தாமதமாகத் திரும்பியவர்.

"கடவுச்சொல் தெரிஞ்சவங்க ரெண்டு பேர்" என்றார் அக்கா. "ஒருத்தங்க பட்டியலைத் தன் கையால கட்டினவங்க. அவங்களுக்கு இந்தக் கணக்கு தப்பாது. தப்பினது..."

சைரன் கேட்டு முற்றத்திலிருந்து ஓடிவந்துவிட்டார்கள். முன்னால் முதலாளியம்மா பெங் யூ-சியா, கையில் மூன்று ஊதுபத்தி அணையாமல் அப்படியே.

"ஐயோ, உள்ளே மாட்டிக்கிட்டீங்களா? நான் காலையில அந்த டேப்லெட்டை ஆன் பண்ணியிருக்கவே கூடாது! ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லைங்க" என்றார் அக்கா. வேலையாட்களைக் கையைக் காட்டித் திருப்பி அனுப்பினார். "தீ எதுவும் இல்லை, போய்ப் பூசையை முடிங்க." அவர்கள் போகும் வரை காத்திருந்தார். "முதலாளியம்மா, ஒரே கேள்வி. பூசையில முதல் ஊதுபத்தி யார் ஏத்துவாங்க?"

"அவர்தான். முப்பது வருஷமா."

"அன்னிக்கு?"

"அன்னிக்கு... 'ஆறாம் ரூம்ல புட்டி எண்ணணும், நீங்க ஆரம்பிச்சுடுங்க'ன்னு ஆளுங்ககிட்ட சொன்னாராம். எனக்கே அது..." அவர் கண் அக்காவைத் தாண்டித் திரைக்குப் போனது. "இதான்! நான் பார்த்தது இதேதான்! பாருங்க, நான் பொய் சொல்லலை!"

"நீங்க பொய் சொல்லலை. நாளைக்கு அரசு வக்கீலும் இதைத் தன் கண்ணால பார்ப்பார். நீங்க வீட்டுக்கு வந்துடுவீங்க." அக்காவின் குரல் இறங்கியது. அவர் யாரிடமும் இப்படித் தயங்கி நான் பார்த்ததில்லை. "முற்றத்துலேர்ந்து பார்த்தா இந்த நடைக்கூடம் நல்லாத் தெரியும். பொறி வெச்சவர் ஒரு மணி நேரம் இங்கே நின்னா யாராவது கேட்பாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் சத்தமில்லாம வந்து, உருவினதைத் திரும்ப மாட்டணும்னா, பக்கத்து ஆறாம் ரூம்லதான் ஒளிஞ்சு உட்காரணும்."

முதலாளியம்மா காகிதத்தை வாங்கினார். அவருக்கு யாரும் கலர் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. காலியான மஞ்சளைப் பார்த்தார். ஓரத்தில் கிடந்த கும்பலைப் பார்த்தார். ஊதாவில் இருந்த 5 மேல் அவர் விரல் வந்து நின்றது. அங்கிருந்து மெதுவாகப் பட்டியலுக்குப் போய், ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே இறங்கியது. நான் எத்தனையோ பேர் அழுவதைப் பார்த்திருக்கிறேன். இது அழுகை இல்லை. எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

"அந்த மேட்டு நிலத்துக்காகவா?" என்றார். "என் பேர்ல இருக்கு, விக்க மாட்டேன்னேன். அதுக்கா?"

அவர் திரும்பி ஆறாம் அறைக் கதவைப் பார்த்தார்.

"தட்டற சத்தம் கேட்டுச்சு. நான் இங்கேதான் நின்னேன். அஞ்சுல கழுவறாரு, வாளி இடிக்குதுன்னு நினைச்சுட்டு அன்னாசியை எடுத்துட்டுப் போயிட்டேன்."

ஊதுபத்திச் சாம்பல் அவர் விரலில் விழுந்தது. அவர் உதறவில்லை.

"பட்டியல் போட்ட அன்னிக்கே சொன்னேன். 'இங்க பாருங்க, நாலாவதுதான் அஞ்சு, எண்ணும்போது ஜாக்கிரதை'ன்னு. பத்து தடவை சொல்லியிருப்பேன்." அவர் காகிதத்தை மடித்து, எங்களிடம் தராமல், தன் ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டார். "நான் பேச ஆரம்பிச்சா அந்த மனுஷன் டிவி சத்தத்தைக் கூட்டுவார்."